கல்லீரல் என்று சொன்னார்கள்

அத்தியாயம் 9

இருபது வருடமாகக் காரோட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சருக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் யார் வண்டி ஓட்டினாலும், இல்லாத பிரேக்கைத் தன் காலால் அழுத்திக்கொண்டே வருவாள். வாயும் சும்மா இருக்காது. "இண்டிகேட்டர் என்ன அலங்காரத்துக்கா?" என்பாள். "கண்ணாடி தலை சீவவா வச்சிருக்கு?" என்பாள்.

அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவளுடைய கணவர் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டினார், ஒரு சைக்கிள்காரரை உரசப் பார்த்தார். டீச்சர் வாயைத் திறக்கவே இல்லை.

ஏ.சி. மெக்கானிக்கான அந்த மனிதருக்கு அது பழக்கமே இல்லை. "திட்டவாவது திட்டேன்" என்றார்.

"ரோட்டைப் பாருங்க."

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டி, ஊசியால் எடுத்த சதை, மார்பகப் புற்றுநோய் என்று அச்சடித்து வந்த தாள் என மூன்று மாதத்தில் அவள் தலையில் இறங்கியதெல்லாம் இடிதான். அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்கக் கீமோ ஆரம்பித்து இரண்டு முறை முடிந்துவிட்டது. முடி போய், நகம் கறுத்து, தண்ணீர்கூட இரும்பு மாதிரி ருசித்தது. மூன்றாவது ஊசி வரும் திங்கட்கிழமை. இரண்டு முறையும் ஸ்டூலை இழுத்துப் போட்டு நாலு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் தங்கை, சின்னவள். 'பெத்தால்தான் பிள்ளையா' என்று நர்ஸிடமே டீச்சர் பெருமையடித்திருக்கிறாள். அம்மா செத்தபோது டீச்சருக்குப் பதினேழு, சின்னவளுக்கு ஒன்பது. தலைபின்னி, வீட்டுப்பாடம் எழுதவைத்து வளர்த்தது இந்தக் கைதான்.

இன்று கூப்பிட்டிருந்தது வேறொரு சமாச்சாரத்துக்காக. மூன்று வாரம் முன்பு எடுத்த மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்திருந்தது.

ஆலோசகர் என்று உட்கார்ந்திருந்தவள் சின்னப் பெண். டீச்சரிடம் எட்டுப் போடக் கற்றுக்கொள்ள வரும் வயசு. ஆனால் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க மரபணுவுல ஒரு மாற்றம் இருக்கு. மார்பகப் புற்றுநோய் வர்ற வாய்ப்பை அதிகமாக்குற மாற்றம். அம்மா வழியாவும் வந்திருக்கலாம், அப்பா வழியாவும் வந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் ஆப்பரேஷனா, ரெண்டு பக்கமுமான்னு டாக்டர் முடிவு பண்ண இது முக்கியம். உங்க தங்கச்சிக்கும் மகளுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கச்சியை ரத்தம் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

கணவர் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

அந்தப் பெண் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்திருந்தாள். அம்மாவின் வட்டத்துக்குக் கீழே 'கல்லீரல், வயது 43' என்று எழுதியிருந்தது. டீச்சர் சொல்லி எழுதியதுதான்.

"கல்லீரல்லயே தொடங்கிச்சா, இல்ல வேற எங்கயிருந்தாவது பரவிச்சா? தெரியுமா?"

டீச்சர் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். கொடியில் உலர்ந்த அம்மாவின் உள்ளாடை ஒன்று கண் முன்னே வந்து நின்றது. இடப்பக்கம் மட்டும் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. "இது என்னம்மா?" என்று பதினேழு வயசில் கேட்டதற்கு, "தையக்காரன் கோணலா தச்சுட்டான், அதைச் சரி பண்ணியிருக்கேன்" என்றாள் அம்மா. கடைசி வருடத்தில் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கவே மாட்டாள். தோள்வலி என்றார்கள். குளிக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

"பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கும். எங்கப்பா ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழிச்சுப் போட்டது கிடையாது" என்று டீச்சர் எழுந்தாள்.

*

அப்பா நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்துகொடுத்த மனிதர். மகளும் மருமகனும் உள்ளே நுழைந்தபோது, ஆடும் மேஜையின் காலுக்கு அட்டையை மடித்துச் சொருகிவிட்டு, மேலே ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எதுலப்பா செத்தாங்க?"

அவர் குமிழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கல்லீரல். எத்தனை தடவை சொல்றது?"

"எங்க ஆரம்பிச்சுது?"

குமிழி ஒரு பக்கமாக ஓடியது. அவர் கை மேஜையில் ஊன்றியிருந்தது.

"கேக்குறேன்ல?"

"வந்ததும் வராததுமா என்ன விசாரணை? உக்காரு. தண்ணி குடி."

"மார்லதானே ஆரம்பிச்சுது?"

அப்பா ரசமட்டத்தை அதன் உறைக்குள் போட்டார். மூடினார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

"நான் உன்கிட்ட பொய் சொல்லல. கல்லீரல்லதான் போனா. எங்க ஆரம்பிச்சுதுன்னு நீ இன்னைக்குத்தான் கேக்குற."

டீச்சர் தன் தலைத்துண்டை உருவி மேஜைமேல் எறிந்தாள். அவளுடைய மொட்டைத் தலையை அப்பா பார்ப்பது அதுதான் முதல் முறை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்கப்பா. பாக்காம எங்க போறீங்க? அஞ்சு வருஷத்துக்கு முந்தி டாக்டரம்மாகிட்ட நானே போய்க் கேட்டேன், இந்தப் பரிசோதனை நான் பண்ணிக்கணுமான்னு. குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டாங்க. வாய் நிறைய இல்லேன்னு சொன்னேன். அப்போ நாப்பத்தஞ்சுக்கு மேல வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ஊரான் நிலத்துக்கெல்லாம் எல்லைக்கல் நட்டீங்களே, பெத்த பொண்ணுக்கு இங்க பள்ளம் இருக்கு, பாத்துப் போன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருந்த வீடு இது!" அப்பாவின் குரலும் ஏறிவிட்டது. "வெளிய தெரிஞ்சா எவன் வந்து கட்டியிருப்பான்? உங்கம்மாவே என் கையைப் பிடிச்சு, 'என் பொண்ணுங்களுக்குத் தெரியக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. செத்தவளுக்குக் குடுத்த வாக்கு."

"நான் உயிரோடல்ல இருக்கேன்? எனக்கு என்ன வாக்கு குடுத்தீங்க?"

"தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பே? தினம் தினம் தடவிப் பாத்துப் பயந்துக்கிட்டுக் கெடந்திருப்பே. இருபத்தஞ்சு வருஷம் நிம்மதியா இருந்தியே, அது நான் குடுத்தது!"

கணவர் இடையில் வந்து, "மாமா, போதும்" என்றார்.

"அந்த நிம்மதியை நீங்களே வச்சுக்கோங்க" என்றாள் டீச்சர். குரல் உடையாமல் இருக்கப் பல்லைக் கடித்துப் பேசினாள். "எனக்கு அந்த அஞ்சு வருஷத்தைத் திருப்பிக் குடுங்க. முடியுமா? முடியாதுல்ல? அப்போ பேசாம ரிப்போர்ட்டை எடுங்க."

எடுத்தார். பீரோவின் கீழ்த்தட்டில், வரைபடச் சுருள்களுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில் வரிசை மாறாமல் அடுக்கியிருந்தது. தேட வேண்டியிருக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் டீச்சருக்கு இன்னும் எரிந்தது.

"சின்னவகிட்ட நான் சொல்லப் போறேன்" என்றாள். "அவளாவது தப்பிக்கட்டும்."

அப்பா சட்டென்று, "அவளை இதுல இழுக்காதே. அவளை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே!"

தலைத்துண்டை எடுத்துக் கட்டாமலே வெளியே வந்தாள்.

*

வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டாள். கணவர், "வீட்டுக்குப் போய்ப் பேசலாமே" என்றதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்குச் சின்னவளுடைய முகம் மட்டும்தான் தெரிந்தது. விஷயத்தைக் கேட்டால் பயந்துவிடுவாள். அதனால் தேதியை வாங்கிக்கொண்டு போய், கையைப் பிடித்து, 'ஒண்ணுமில்லடி, சும்மா ஒரு ஸ்கேன், நான் கூட வரேன்' என்று சொல்ல வேண்டும். இத்தனை ரணத்துக்கு நடுவிலும் அந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தங்கச்சிக்கு மார்பக ஸ்கேனுக்கு ஒரு தேதி வேணும்மா. அவசரம்."

"அவங்க மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்."

சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம்.

"இவங்கதான் நம்ம ரெகுலர் ஆச்சே! அடுத்த மாசம் பதினாலாம் தேதிக்கு அவங்களே போட்டு வச்சிருக்காங்களே. அதை முன்னாடி மாத்தணுமா?"

"வேற யாரையோ சொல்றீங்க."

"இல்லையே மேடம். மூணு வருஷமா வராங்க. அம்மாவுக்கு இருந்துச்சுங்கறதால வருஷா வருஷம் எடுக்கறவங்கதானே? ஹலோ? மேடம்?"

டீச்சர் போனை மடியில் போட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் கணவர்.

"கண்ணாடிக் கடைக்கு விடுங்க."

*

சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்பார்வை சோதிப்பவள். வெள்ளை அங்கியோடு ஒரு பெரியவர் முன் நின்று, சோதனைச் சட்டத்தில் ஒவ்வொரு வில்லையாக மாற்றிக்கொண்டிருந்தாள். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?"

அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அக்கா! துண்டு கட்டாம வெயில்ல என்ன..."

"மூணு வருஷமா ஸ்கேன் எடுக்குறியா?"

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. சின்னவளின் கையிலிருந்த வில்லை நழுவி மேஜையில் சுழன்று விழுந்தது.

"எடுக்குறியா இல்லையா?"

"எடுக்குறேன்."

"அம்மாவுக்கு என்னன்னு தெரியும்?"

"தெரியும்."

இரும்புச் சட்டம் மூக்கை அழுத்த, ஒரு கண்ணில் மறைப்போடு உட்கார்ந்திருந்த பெரியவர், "நான் வேணும்னா அப்புறம் வரட்டுமா?" என்றார்.

"உக்காருங்கய்யா, இதோ முடிஞ்சுடும்" என்றாள் டீச்சர், கடை தன்னுடையது போல. பிறகு தங்கையிடம், "எப்படித் தெரியும்?" என்றாள்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சப்போ பீரோவை நகர்த்தினேன். ஃபைல் விழுந்துச்சு. அப்பாகிட்ட கேட்டேன். உன்கிட்ட சொல்லாதேன்னார். நான் அவர் பேச்சைக் கேக்கல. அன்னைக்குச் சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்தேன்."

"வரல."

"வந்தேன். அந்த ஃபைல் என் பையில இருந்துச்சு. நான் அவனை விட்டுட்டு வந்து அஞ்சு நாள்தான் ஆகியிருந்துச்சு. நீ கதவைத் தொறந்து என்ன சொன்னே? ஞாபகம் இருக்கா?"

டீச்சருக்கு ஞாபகம் இருந்தது. கல்யாணமாகி ஏழே மாதத்தில் புருஷனை விட்டுவிட்டு வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, 'முதல்ல உன் புருஷன் வீட்டுக்குப் போய்ட்டு வா, அப்புறம் என்கிட்ட பேசு' என்று கதவைச் சாத்தியது நினைவில் இருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்ற நிலைகூட இப்போது தெரிந்தது. ஆனால் அதற்காக இறங்கிப் போக டீச்சர் வரவில்லை.

"சாத்தினேன். எட்டு மாசம் பேசல. என் தப்புதான். அதுக்கப்புறம்? அதுக்கப்புறம் அந்தக் கதவு தொறக்கவே இல்லையாடி? என் வீட்டுல சாப்பிடல? என் பொண்ணுகூட சினிமாவுக்குப் போகல?"

"போனேன்."

"அப்போ?"

"முதல்ல கோவம். உனக்குச் சொல்லக் கூடாதுன்னே கோவம்" என்றாள் சின்னவள். கண் சிவந்திருந்தது, ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை. "கோவம் போனப்போ ஒரு வருஷம் ஆயிடுச்சு. இப்போ சொன்னா ஏன் அன்னைக்கே சொல்லலன்னு கேப்பியேன்னு வெக்கம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிக்கிட்டே போச்சுக்கா. அப்புறம் ஒரு நாள் நீ போன் பண்ணி, கட்டி இருக்குடின்னு சொன்னே."

"அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்கு எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா?" சின்னவள் விழுந்த வில்லையை எடுத்து வைத்தாள். "நல்லவேளை, எனக்கு இல்லன்னு தோணுச்சு. அதுக்கப்புறம்தான் நீ ஞாபகத்துக்கு வந்தே. அந்த மனசை வச்சுக்கிட்டு உன்கிட்ட எப்படி உண்மை பேச?"

டீச்சரின் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. ஓங்கிய கையால் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நகம் கறுத்த விரல்களின் கணுக்கள் வெளுத்தன.

"நாலு நாலு மணி நேரம் பக்கத்துல உக்காந்தியே. ஊசி ஏறும்போது என் கையைத் தடவிக்குடுத்தியே. நர்ஸ்கிட்ட உன்னைப் பத்தி அளந்து விட்டேனே, பாவி, அப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தே?"

"அக்கா..."

"திங்கட்கிழமை நீ வர வேண்டாம். அந்த ஆலோசகர் பொண்ணு உன்னை ரத்தம் குடுக்கச் சொன்னா. குடு. எனக்காக இல்ல, உனக்காக. அத்தோட என் மூஞ்சியில முழிக்காதே."

"எனக்கு அந்த ரிசல்ட் வேண்டாம். வருஷா வருஷம் பாத்துக்கிறேன், அது போதும்."

"உனக்குப் போதும்! உன் உடம்பு, உன் உசுரு. உன் விஷயத்துல நீ எப்பவுமே கெட்டிக்காரிதானே."

பெரியவர் மறைப்பில்லாத ஒற்றைக் கண்ணால் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைத் தாண்டி வெளியே நடந்தாள்.

*

வண்டி கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மரநிழலில் நின்றது. கணவர் எஞ்சினை அணைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். குடித்தாள். துப்பினாள்.

"பொண்ணுகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் அவர், மெதுவாக. "ரெண்டு வாரத்துல பரீட்சை. முடியட்டும். அப்புறம் நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன். இப்போ சொல்லி அவ நிம்மதியை ஏன்..."

டீச்சர் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

"முடிங்க. அவ நிம்மதியை?"

"நான் உங்கப்பா மாதிரிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்றீங்க? பரீட்சை முடியட்டும், அப்புறம் வேலை கிடைக்கட்டும், அப்புறம் கல்யாணம் ஆகட்டும். அவளுக்கும் நாப்பத்திரண்டு வயசு ஆகட்டும். அப்பவும் பக்குவமா சொல்லலாம்."

"நீ இப்போ கோவத்துல இருக்கே. கோவத்துல சொல்ற விஷயமா இது?"

"கோவம் இப்போதைக்குப் போகாதுங்க. அது போறவரைக்கும் காத்திருந்தா என்ன ஆகும்னு இப்பத்தான் பாத்துட்டு வரேன்."

மகள் இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போனை எடுத்தவுடன், "அம்மா, படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், சத்தியமா!" என்றாள்.

டீச்சர் சொன்னாள். பாட்டி எதில் செத்தாள், அது எங்கே தொடங்கியது, இன்று வந்த முடிவு என்ன, பாதிக்குப் பாதி என்றால் என்ன என்பதையெல்லாம் வளைவு நெளிவு இல்லாமல், கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்லிக்கொடுக்கிற அதே குரலில் சொன்னாள். "உனக்கு இப்போ ஒண்ணும் இல்ல. இருபத்தஞ்சு வயசுக்கு முன்னாடி பெரும்பாலும் ஒண்ணும் பண்ண வேண்டியதும் இல்லையாம். டெஸ்ட் எடுக்கணுமா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணணும். ஆனா உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

மறுமுனையில் மின்விசிறியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மகள் கேட்டாள்:

"இது சித்திக்குத் தெரியுமாம்மா?"

தனக்கு ஒன்றென்றால் அம்மாவுக்கு முன் சித்திக்குப் போன் செய்கிற பெண் அவள். ஒரே ஒரு 'ஆமாம்' போதும், அந்த உறவு அறுந்துவிடும். கணவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அதை அவகிட்டயே கேளு" என்று டீச்சர் போனை வைத்தாள்.

ஐந்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது. திரையில் 'சின்னது' என்று வந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. மூன்றாம் முறை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அவ கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்" என்றாள் சின்னவள். மூச்சு வாங்கியது. "'அம்மா செத்துப்போயிருந்தா?'ன்னு ஒரே வார்த்தை கேட்டுட்டு வச்சுட்டாக்கா. இப்போ போன் போகல. ரூம்ல கூட இருக்கிற பொண்ணுக்குப் போட்டேன். பையை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாளாம். எங்கேன்னு சொல்லலையாம்."

டீச்சர் கணவரின் போனை வாங்கித் தானே மகளுக்குப் போட்டுப் பார்த்தாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காருங்க."

"இந்த உடம்போடயா? டாக்டர் வேலைக்குப் போகக் கூடாதுன்னு..."

"வேலைக்குத்தான் போகக் கூடாதுன்னார். நீங்க ஓட்டினா போய்ச் சேர ராத்திரி ஆயிடும். தள்ளுங்க."

தள்ளினார். போனில் சின்னவள் இன்னும் இருந்தாள். "நானும் வரேன்கா. என்னைத் திட்டு, என்ன வேணா பண்ணு. அவ எங்கெல்லாம் போவான்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

அது உண்மை. டீச்சருக்கு அதுவும் சுட்டது.

"கடை வாசல்ல நில்லு. நான் நிறுத்திக்கிட்டு நிக்க மாட்டேன்."

சின்னவள் அங்கியைக்கூடக் கழற்றாமல் தெருவோரத்தில் நின்றிருந்தாள். ஏ.சி. வேலைக்கு வைத்திருந்த செம்புக் குழாய்ச் சுருள்களைத் தள்ளிவிட்டுப் பின் இருக்கையில் ஏறினாள். முன்னால் இருந்த கணவர் திரும்பி ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

கண்ணாடியில் அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பெல்ட்டைப் போடு" என்றாள் டீச்சர்.

பெல்ட் மாட்டும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, வண்டியை எடுத்தாள்.